தொட்டியில் டிகாக்‌ஷன்!

"மீன் தொட்டியில் ஜலம் டீ மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாளைக்கு ஒரு தரம் மாற்றுகிறேன். மறுபடியும் அதே நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். தொட்டியையே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம் போல இருக்கிறது. என்னதான் செய்வது?"

தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி இப்படி எழுதிக் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கீழே, போனால் போகிறது என்பதுபோல், இன்னொரு வரியும் இருக்கிறது: "தொட்டிக்கு அழகாக இருக்கட்டும் என்று போன மாதம் ஒரு மரக்கட்டை வாங்கி வைத்தேன்."

அம்மா, விஷயமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது!

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே மனசு கனத்துவிட்டது. ஏனென்றால் இதே டீ நிறத் தண்ணீரைக் கண்டு பயந்து நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை இதுவரை இந்தப் பகுதியில் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. ஆனால் நீங்கள் "மூன்று நாளைக்கு ஒரு தரம் மாற்றுகிறேன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு, சொல்லாமல் இருப்பது தப்பு என்று தோன்றுகிறது. சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

கொலுவுக்கு வந்த மாமி

என் பேரனுக்கு ஒன்பது வயது நிறைந்தபோது அவன் அப்பா ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்தான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். எட்டு நியான் டெட்ரா மீன்கள். சுண்டு விரல் நீளம்கூட இருக்காது ஒவ்வொன்றும். உடம்பின் குறுக்கே ஒரு நீலக் கோடு, வால் பக்கம் ஒரு சிவப்புக் கோடு. விளக்கைப் போட்டால் எட்டும் எட்டு ஜரிகைத் துண்டுகளாக மினுங்கும். கூடவே, கிளை கிளையாகப் பிரிந்த ஒரு மரக்கட்டை. டிரிஃப்ட்வுட் என்று கடைக்காரர்கள் சொல்லுகிறார்களே, அதுதான். மீன்கள் அதன் இடுக்கில் புகுந்து புறப்படுவதைப் பார்த்துக் கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது.

நாலாம் நாள் தண்ணீரில் இலேசான மஞ்சள். ஒரு வாரத்தில் நல்ல டீயின் நிறம். பையன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மீன்களும் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நவராத்திரி வந்தது. கொலுப் படிக்குப் பக்கத்திலேயே தொட்டி. மூன்றாம் நாள் சாயங்காலம் எதிர் வீட்டு மாமி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தாள். பொம்மைகளைப் பார்த்தாள்; சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள்; தொட்டியைப் பார்த்தாள்.

"என்ன மாமி, மீனுக்கு டிகாக்‌ஷன் போட்டு வெச்சிருக்கேளா? பால் எப்போ விடப் போறேள்?" என்றாள்.

கூடத்தில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. வீட்டைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு இந்தத் தொட்டி இழுக்கு வைத்துவிட்டதே!

மறுநாள் பையன் பள்ளிக்கூடம் போனதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். மீன்களைப் பிடித்து ஒரு பாத்திரத்தில் விட்டேன். தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்து, பால்கனிச் செடிகளுக்கு ஊற்றினேன். கடைசியில் ஒரு வாளி மிஞ்சியது; இடுப்பு வலித்ததால் அதை ஒரு மூலையில் அப்படியே வைத்தேன். கூழாங்கற்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். ஃபில்டரின் ஸ்பஞ்சைப் பிழிந்து பிழிந்து வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கட்டைதானே என்று, அதைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து அலசினேன். பிறகு குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீன்களை உள்ளே விட்டேன்.

தொட்டி ஸ்படிகம் மாதிரி இருந்தது. எனக்கே என் சாமர்த்தியத்தின்மேல் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தேன். இரண்டு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. நாலு மணிக்குப் பையன் வந்தான். அதற்குள் ஐந்து மீன்கள் மல்லாந்துவிட்டன.

அவன் அழுவான், என்னைக் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகப் பையைக் கழற்றாமலே மூலையில் இருந்த அந்தப் பழுப்புத் தண்ணீர் வாளியைப் பார்த்தான். உயிரோடு இருந்த மூன்று மீன்களையும் வலையால் எடுத்து அதில் விட்டான். காற்று விடும் குழாயையும் அதில் போட்டான். பிறகு செத்தவற்றை ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தான். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, "பரவாயில்லை பாட்டி, நீங்க வேணும்னு செய்யலை" என்றான்.

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அழுக்கு என்று நான் இறைத்துக் கொட்டினேனே, அந்தத் தண்ணீரில் மிஞ்சிய ஒரு வாளிதான் மூன்று மீன்களின் பிராணனைக் காப்பாற்றியது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தாம்பரம் சகோதரி. இனி, ஏன் எப்படி என்று பார்ப்போம்.

கலங்கல் வேறு, சாயம் வேறு

மறுநாளே பையனை அழைத்துக்கொண்டு கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம் அது. ஒரு கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அம்மா, நீங்க டீ குடிப்பீங்களா?" என்றார்.

"காப்பி" என்றேன்.

"சரி. டீயோ காப்பியோ, நிறமா இருக்குன்னு கொட்டிடுவீங்களா? இதுவும் அந்த மாதிரிதாம்மா. இலையிலேர்ந்து இறங்கினா டீ. கட்டையிலேர்ந்து இறங்கினா இது" என்றார்.

வாஸ்தவம்தான். இந்த நிறத்துக்குக் காரணமான பொருளுக்கு டானின் என்று பெயர். நம் பாஷையில் சொன்னால், துவர்ப்பு. மரப்பட்டையிலும், வைரம் பாய்ந்த கட்டையிலும், இலையிலும், காயிலும் அது இருக்கிறது. பாக்கை மென்றால் நாக்கு வறண்டு இழுக்கிறதே, அது டானின் செய்கிற வேலை. கடுக்காயில் அது நிறைய உண்டு. அதனால்தான் அந்த நாளில் கடுக்காய் நீரில் அன்னபேதியைச் சேர்த்து எழுதுகிற மை தயாரித்தார்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு நிறம் கிடைக்கும். பழைய இரும்பு அரிவாள்மணையில் நெல்லிக்காய் நறுக்கினால் கறுத்துப் போகிறதே, அதுவும் இந்தச் சமாசாரந்தான். ஆவாரம் பட்டையை ஊறவைத்த நீரில் தோல் பதனிடுவதும் இதே டானினின் பலத்தில்தான்.

இப்படிப்பட்ட துவர்ப்பு ஊறிய கட்டையைத் தண்ணீரில் போட்டால் சாயம் இறங்காமல் என்ன செய்யும்?

ஆகவே முதலில் உங்கள் தொட்டியில் இருப்பது கலங்கலா, சாயமா என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு பாருங்கள்.

நிறம் பழுப்பாக இருந்தாலும் அடி தெளிவாகத் தெரிகிறதா? வாடை இல்லையா, அல்லது காட்டு மண் வாசனை மாதிரி இலேசாக இருக்கிறதா? மீன்கள் சுறுசுறுப்பாக இரை எடுக்கின்றனவா? அப்படியானால் அது சாயம். கவலை வேண்டாம்.

பால் கலந்த மாதிரி வெண்மையாகக் கலங்கியிருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகியதன் விளைவு. புதிதாகத் தொட்டி வைத்தவர்களுக்கும், இரையை அள்ளி அள்ளிப் போடுகிறவர்களுக்கும் இது வரும். பச்சையாக இருந்தால் பாசி. தொட்டியில் வெயில் ஜாஸ்தியாகப் படுகிறது என்று அர்த்தம். அழுகல் நாற்றம் அடித்தாலோ, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாலோ, அது அபாய அறிகுறி. அப்போது நிறம் எதுவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? நிறத்தைப் பார்த்துப் பதறுகிறோம். நிறமே இல்லாத விஷத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். பிளீச்சிங் பவுடருக்கு நிறம் உண்டா? அன்றைக்கு என் தொட்டியைப் போலத் தெளிவான தண்ணீர் ஊரிலேயே இருந்திருக்காது!

கறுப்பு ஆறு

"மீனுக்கு ஒன்றும் ஆகாதா?" என்று கேட்பீர்கள். சில மீன்களுக்கு அது சொந்த ஊர்த் தண்ணீர் என்றே சொல்லலாம்.

தென் அமெரிக்காவில், பிரேஸில் தேசத்தில், ரியோ நீக்ரோ என்று ஒரு நதி ஓடுகிறது. போர்த்துகீசிய பாஷையில் அதற்குக் கறுப்பு ஆறு என்றே பொருள். பெரிய பெரிய காடுகளின் இலை தழைகளும் கட்டைகளும் ஊறி ஊறி அந்த ஆற்றின் நீர் கடும் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். மனாஸ் என்ற நகரத்துக்கு அருகே அது, வண்டல் நிறத்தில் வரும் சோலிமோயிஸ் என்னும் நதியைச் சந்திக்கிறது. அங்கே கறுப்பு நீரும் வண்டல் நீரும் ஒன்றோடு ஒன்று உடனே கலந்துவிடாமல், சுமார் 6 கிலோமீட்டர் தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றனவாம். மயில்கண் வேஷ்டிக் கரை மாதிரி நடுவே கோடு தெரியும்! இரண்டு நதிகளின் வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறுபடுவதுதான் காரணம்.

என் பேரன் வளர்க்கும் நியான் டெட்ராவுக்குப் பூர்விகம் அமேஸான் நதியின் மேற்பகுதி. 1936-ல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் சூட்டினார்கள். அதைவிடச் சிவப்பு மிகுந்த அதன் தங்கை கார்டினல் டெட்ரா இருக்கிறதே, அது இந்தக் கறுப்பு ஆற்றிலேயே வாழ்கிற மீன். அதற்கு 1956-ல் பெயர் கிடைத்தது. இருட்டான தண்ணீரில் கூட்டம் பிரியாமல் இருக்கத்தானோ என்னவோ, உடம்பில் அப்படி ஒரு மின்னல் கோடு!

அவ்வளவு தூரம் போவானேன்? சண்டை மீன் என்று குழந்தைகள் ஜாடியில் வளர்க்கிறார்களே, ஃபைட்டர், அதை வளர்க்கிறவர்கள் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையைத் தேடிப் பொறுக்கி வந்து தண்ணீரில் போடுகிறார்கள். வேண்டுமென்றே தண்ணீரைப் பழுப்பாக்குகிறார்கள்! நாம் வாசலில் பெருக்கித் தள்ளுகிற இலையைக் கடையில் விலை கொடுத்தும் வாங்குகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

எல்லா மீன்களுக்கும் இது ஒத்துக்கொள்ளுமா? டானின் தண்ணீரைச் சற்றே புளிப்பின் பக்கம் இழுக்கும். மாலி, கப்பி போன்ற மீன்கள் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த கடினத் தண்ணீரை விரும்புகிறவை. ஆனால் நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பதால், ஒரு கட்டை இறக்கும் சாயத்தால் அதன் தன்மை அவ்வளவாக மாறிவிடாது. நிறம் மட்டுந்தான் மாறும். குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷின் தண்ணீரையே தொட்டியில் ஊற்றுகிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதில் தாங்கிக்கொள்ளும் சத்து எதுவும் இல்லை. புளிப்பு சட்டென்று ஏறிவிடலாம்.

இன்னொரு சங்கதி. பழுப்புத் தண்ணீர் வெளிச்சத்தைக் கொஞ்சம் தடுக்கும். தொட்டியில் செடி வளர்க்கிறவர்களுக்கு இதில் சிறிது நஷ்டம். பாசியும் குறைவாக வரும் என்பது இலாபம்.

சாயத்தை இறக்குவது எப்படி?

"எல்லாம் சரி, எனக்குத் தெளிவான தண்ணீர்தான் பிடிக்கிறது" என்கிறீர்களா? அதில் தவறே இல்லை. வீடு உங்களுடையது. மீனை வதைக்காமல் செய்ய வழி இருக்கிறது.

முதல் வழி, கட்டையைத் தொட்டியில் போடுமுன்பே சாயத்தை இறக்குவது. புதுக் கட்டையை ஒரு மட்டமான பிரஷ்ஷால் தேய்த்து மண்ணை அகற்றுங்கள். சோப்பு வேண்டாம். சமையலுக்கு உபயோகப்படாத ஒரு பழைய அண்டாவில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கறுத்ததும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு தரம். முதல் தண்ணீரைப் பார்த்தால் ஊருக்கே காப்பி கொடுக்கலாம் போல இருக்கும்! பிரஷர் குக்கரில் வைக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் தயவு செய்து விட்டுவிடுங்கள். அண்டாவில் அடங்காத பெரிய கட்டையாக இருந்தால், கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றி ஊறவையுங்கள். கொதிநீரைத் தூக்கும்போது குழந்தைகளைக் கிட்டே விடவேண்டாம்.

பிறகு ஒரு வாளியில் பச்சைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நாள் ஊறட்டும். தினம் ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். சாயம் குறைந்துகொண்டே வருவது கண்ணுக்கே தெரியும். ஊறினால் இன்னொரு நன்மை, கட்டை மிதக்காமல் கீழே தங்கும். சில கட்டைகள் மாதக் கணக்கில் சாயம் விடும். அது கட்டையின் சுபாவம். உங்கள் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாவது வழி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றுவது. உங்கள் தொட்டிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியுமா? நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுங்கள். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். அதில் கால் பங்கு 13 லிட்டர் சொச்சம். ஏறக்குறைய ஒரு வாளி. வாரம் ஒரு முறை அந்த ஒரு வாளியை மட்டும் எடுத்து, அதே அளவு புதுத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். புதுச் சாயம் இறங்காவிட்டால், நாலே தடவையில் பழைய நிறம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போட்டிருப்பார்கள். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு ஆகாது. மீன் கடைகளில் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து விற்கிறார்கள். புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி அதைக் கலந்த பிறகே தொட்டியில் விட வேண்டும். தண்ணீர் தொட்டித் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் விளாவிய தண்ணீரில் கையை விட்டுப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

மூன்றாவது வழி, கரி. ஆக்டிவேட்டட் கார்பன் என்று கேட்டால் மீன் கடையில் கொடுப்பார்கள். அந்தக் கரியில் கோடிக்கணக்கான நுண்ணிய துவாரங்கள் உண்டு. தண்ணீரில் கரைந்த சாயம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். நன்றாக அலசி, சிறு வலைப் பையில் கட்டி, ஃபில்டருக்குள் தண்ணீர் பாயும் இடத்தில் வையுங்கள். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். மூன்று நாலு வாரத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும். எடுத்து எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். மீனுக்கு உடம்பு சரியில்லை என்று தண்ணீரில் மருந்து விட்டால் அப்போது கரியை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரி மருந்தையும் சாப்பிட்டுவிடும்! அடுப்புக் கரியோ இஸ்திரிக் கரியோ இதற்கு உதவாது.

சில "கூடாது"கள்

படிகாரம் போடலாமா என்று உங்களில் சிலர் யோசிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் யோசித்தவள்தான். வேண்டாம். அது தண்ணீரின் புளிப்பை ஏற்றிவிடும். அதிலிருந்து கரைகிற அலுமினியம் மீனின் செவுளைப் பாதிக்கும். தேத்தாங்கொட்டையை உரைத்துப் போடுவது பாட்டிமார் காலத்து நல்ல வழக்கம். ஆனால் அது மிதக்கிற மண்ணைப் படிய வைப்பதற்கு. கரைந்துபோன சாயத்துக்கு அல்ல. ஆறிப்போன டீயை எத்தனை நாள் வைத்தாலும் நிறம் அடியில் படிந்துவிடுமா?

கட்டைக்குப் பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக வெளியே விடும். என் ஐந்து மீன்கள் சாட்சி.

ஃபில்டர் ஸ்பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. அதைத் தின்று தீங்கில்லாததாக மாற்றுகிற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்த ஸ்பஞ்சிலும் கூழாங்கல்லிலுந்தான். குழாய்க் குளோரினில் அவை செத்துப் போகும். தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். தயிருக்கு உறை மோர் வைக்கிறோம் இல்லையா? ஸ்பஞ்சில் இருக்கும் அழுக்கும் அப்படித்தான். பாத்திரத்தைப் பளபளவென்று தேய்க்கிற அவசரத்தில் உறை மோரையும் கொட்டிவிடக் கூடாது.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டை, உப்பு ஊறியது, வேண்டாம். பச்சை மரம், பிசின் வடிகிற மரம், பெயின்ட் அடித்த மரம், கரையான் மருந்து போட்ட மரம் எதுவும் ஆகாது. அரளிக் கட்டை விஷம்.

புதுக் கட்டையின்மேல் வெள்ளையாக, வழவழவென்று பஞ்சு மாதிரி ஏதாவது படர்ந்தால் பயப்படாதீர்கள். அநேகமாக எல்லாப் புதுக் கட்டைக்கும் முதல் சில வாரங்களில் அது வரும்; தானே போய்விடும். அருவருப்பாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம்.

மறுபடியும் நவராத்திரி

கடைக்காரர் சொன்னபடி அந்தப் பிளீச்சிங் பவுடர் கட்டையைத் தலையைச் சுற்றி எறிந்தோம். தொட்டியைப் பல முறை அலசினோம். மிஞ்சிய மூன்று மீன்களை வைத்துக்கொண்டு, இரையைச் சிட்டிகைக்கும் குறைவாகக் குறைத்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றி, ஒரு மாதத்துக்கு மேல் பொறுமையாக ஓட்டினோம். மாற்றியது எல்லாம் பையன்தான். வாளியைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் மட்டும் எனக்கு. பிறகு ஒரு புதுக் கட்டை வாங்கி, அதை நானே அண்டாவில் போட்டு வேகவைத்தேன். வீடெல்லாம் மழை பெய்த காட்டு வாசனை. பன்னிரண்டு நாள் ஊறிய பிறகு தொட்டிக்குள் போயிற்று. அப்புறம் ஐந்து மீன்கள் புதிதாக வந்தன.

அப்படியும் தண்ணீரில் இலேசான தேன் நிறம் இருந்தது. "கரி வாங்கிப் போட்டுவிடலாமா?" என்று பையனைக் கேட்டேன். "வேண்டாம் பாட்டி. இப்போதான் கலர் நல்லாத் தெரியுது, பாருங்க" என்றான். குனிந்து பார்த்தேன். வெள்ளைத் தண்ணீரில் வெளிறிக் கிடந்த நீலக் கோடு, அந்தத் தேன் நிறத்துக்குள் நெருப்புக் குச்சி கிழித்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது. கரி வாங்கவில்லை.

அடுத்த வருஷம் நவராத்திரிக்கு எதிர் வீட்டு மாமி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் என் பேரன் முந்திக்கொண்டான்.

"அது அழுக்கில்லை மாமி, சாயம். நாங்க வேணும்னுதான் வெச்சிருக்கோம்" என்றான்.

அவன் "நாங்க" என்று சொன்னானே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

தாம்பரம் சகோதரி! இந்த வாரம் தண்ணீரை மாற்றாதீர்கள். ஒரு வெள்ளைக் கோப்பையில் மொண்டு பாருங்கள். தெளிவாக இருந்தால், ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் காப்பியோடு கால் மணி நேரம் உட்காருங்கள். மீன்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.